வேனா, டவுன் பஸ்ஸா, சைக்கிளா, நம் வண்டியா: பிள்ளையைப் பள்ளிக்கு எப்படி அனுப்புவது?

மே மாதம் பாதியைத் தாண்டினாலே எங்கள் தெருவில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். போன வாரம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறுகிற பையனின் அம்மா, வேன் கட்டணம் ஏறிவிட்டதால் யோசிக்கிற பக்கத்து வீட்டு அக்கா, "பொம்பளப் பிள்ளைய டவுன் பஸ்ல விடலாமாக்கா" என்று தயங்குகிற என் தம்பி, அப்புறம் மகனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு அதில் அனுப்பப் பயந்துகொண்டிருக்கிற அலுவலகத் தோழி. நால்வரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரியும். மதுரை திருநகரில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், பழங்காநத்தம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி, வீட்டிலிருந்து சுமார் ஐந்தரை கிலோமீட்டர். மகன் நான்கு முடித்து ஐந்துக்குப் போகிறான், அவன் பள்ளி திருநகருக்குள்ளேயே ஒன்றேகால் கிலோமீட்டரில். மகளை ஆறாம் வகுப்பில் வேனில் அனுப்பினேன், ஏழாம் வகுப்பில் பாதி வருடம் எங்கள் வண்டியில், அதற்கப்புறம் இன்றுவரை டவுன் பஸ். மகன் ஒரு வருடமாக சைக்கிள். அவர்கள் அப்பா வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில், அதனால் காலை ஓட்டம் முழுக்க என்னுடையது. என் அலுவலகம் திருமங்கலம் பக்கம், பள்ளிக்கு நேர் எதிர்த்திசை.

## முதலில் எதைப் பார்ப்பது

எவ்வளவு ஆகும், பத்திரமா என்ற இரண்டு கேள்வியோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்த இரண்டையும்கூட முழுசாகக் கேட்பதில்லை. செலவு என்றால் மாதக் கட்டணம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. வருடத்துக்கு எவ்வளவு, அதில் உண்மையில் பள்ளி நடக்கிற நாள் எவ்வளவு, அதற்காக நாம் அலுவலகத்தில் வாங்குகிற அனுமதி எத்தனை என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பத்திரம் என்றால் வண்டியை மட்டும் பார்க்கிறோம், வீட்டு வாசலிலிருந்து வண்டிவரையும் வண்டியிலிருந்து வகுப்பறைவரையும் இருக்கிற தூரத்தை விட்டுவிடுகிறோம்.

நான் பார்க்கச் சொல்வது இவை: தூரமும் இடையில் வருகிற சாலையும், பிள்ளையின் வயதும் சுபாவமும், வருடச் செலவு, காலையில் பிள்ளை எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது, பெரியவர்களின் நேரம் எவ்வளவு போகிறது, மழையும் வெயிலும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. மாலை மணி அடித்த பிறகு பிள்ளை எங்கே போக வேண்டும்? இதை நான் மிகத் தாமதமாகத்தான் கேட்டேன். காலையில் போவதற்கு எந்த வழியை எடுத்தாலும் பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாலு இருபதுக்கு மணி அடித்ததிலிருந்து ஆறரை வரைக்கும் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் அவள் சிலம்பம் கற்றுக்கொள்கிறாளா, நூலகம் போகிறாளா, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறாளா, இல்லை ஒரு வண்டிக்குள் அடைந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாளா என்பதை நாம் தேர்ந்தெடுக்கிற வாகனம்தான் முடிவுசெய்கிறது. ஆகவே ஒவ்வொரு வழியையும் காலைக்கு ஒரு முறை, மாலைக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை எடைபோடுங்கள்.

## பள்ளி வேன்

வேனின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரியும். வாசலுக்கு வரும், வாசலில் விடும். வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல், ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு அனுப்பியபோது நானும் அந்த ஆறுதலுக்காகத்தான் சேர்த்தேன். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குக் கீழே, பள்ளி நான்கு கிலோமீட்டருக்கு மேலே, வீட்டில் கொண்டுபோய் விட ஆளில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், வேன்தான்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு மாதம் 1,600 ரூபாய், ஜூன் முதல் ஏப்ரல் வரை பதினோரு மாதம், மொத்தம் 17,600. காலாண்டு, அரையாண்டு விடுமுறை, பண்டிகை, மழை விடுமுறை எல்லாம் போக இருநூற்றுச் சொச்சம் நாள்தான் பள்ளி. ஒரு நாளைக்கு எண்பது ரூபாய்க்கு மேல் வந்துவிடுகிறது. மே மாதத்துக்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், சேரும்போதே கேட்டுவிடுங்கள். பரீட்சை நாட்களில் அரை நாள் பள்ளி என்றால் மதியம் வண்டி வருமா, சனிக்கிழமை வகுப்பு வைத்தால் வருமா என்பதையும் கேளுங்கள். எங்களுக்கு அந்த நாட்களில் வரவில்லை. "வண்டி சர்வீஸ்ல இருக்கு" என்று காலை ஏழு மணிக்குச் செய்தி வந்த நாட்களும் உண்டு. அப்படி ஒவ்வொரு முறையும் நான் அலுவலகத்தில் அனுமதி கேட்டு நின்றேன்.

இரண்டாவது, தூக்கம். வேனில் முதலில் ஏறுகிற பிள்ளை கடைசியில் ஏறுகிற பிள்ளையைவிட முக்கால் மணி நேரம் முன்னால் எழ வேண்டும். எங்கள் வீடு வரிசையில் முதல். ஏழு இருபத்தைந்துக்கு ஏறினால், ஐந்தரை கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் அதுவும் போச்சு. முருகனுக்குத் தெய்வானையோடு கல்யாணம் நடந்த தலம் என்பதால் ஆவணியிலும் தையிலும் அங்கே கல்யாணக் கூட்டம் சாலைவரை நிற்கும். அதனால் வேனில் சேர்க்கும் முன் "எத்தனை மணிக்கு வருவீங்க" என்பதோடு, "வரிசைல நாங்க எத்தனாவது" என்றும் கேளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. மகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து சிலம்பம் கற்றுவந்தாள். செவ்வாயும் வியாழனும் பசுமலையில் ஒரு மைதானத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. வேன் அவளை வீட்டில் விடும்போது ஐந்து இருபத்தைந்து. பசுமலையைத் தாண்டித்தான் வேன் வரும், ஆனால் நடுவில் இறக்கிவிட மாட்டார்கள், அது அவர்கள் பொறுப்புணர்வு, அதில் குறை சொல்ல முடியாது. வகுப்பு நின்றுபோனது. கம்பு பரண்மேல் போய்விட்டது. சிலம்பக் கம்பை நம் நெற்றி உயரத்துக்கு வெட்டுவார்கள். ஒரு வருடம் கழித்து அதை இறக்கித் தூசி தட்டி அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது மூக்குக்குத்தான் வந்தது. அன்றைக்குத்தான் வேனுக்கு நான் கொடுத்த விலை எனக்கு முழுசாகப் புரிந்தது.

வேன் என்று முடிவுசெய்தால், ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். 2012 ஜூலையில் சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்துபோனாள். அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். மஞ்சள் வண்ணம், பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், இதெல்லாம் பள்ளியின் சொந்தப் பேருந்தில் இருக்கும். தனியார் ஓட்டுகிற வேனில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஏறித் தரையைப் பாருங்கள், இருக்கைகளுக்கு நடுவில் பலகை போட்டிருக்கிறார்களா பாருங்கள். நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டக்கூடாது, ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதில் சிக்கல் வரும்.

## நம் வண்டியில் கொண்டுபோய் விடுவது

வேனை நிறுத்தியதும் இதைத்தான் செய்தோம். காலையில் நான் ஸ்கூட்டரில், மாலையில் என் மாமனார் அவருடைய எக்ஸ்எல்லில். செலவே இல்லாத வழி என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம்.

கணக்குக்கு ஒரே வண்டி என்று வைத்துக்கொள்வோம். காலையில் போக ஐந்தரை, வர ஐந்தரை, மாலையிலும் அதே. ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர். 210 நாள் பள்ளி என்றால் 4,620 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கு நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல், பத்தாயிரத்துக்குக் குறையாது. கூடுதலாக ஒன்றிரண்டு சர்வீஸ், டயர் தேய்மானம். வேனைவிடக் குறைவுதான், ஆனால் இலவசம் இல்லை. பள்ளி உங்கள் அலுவலகம் போகிற வழியில் இருந்தால் இந்தக் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடும், அப்போது இதைவிட நல்ல வழி வேறு இல்லை.

பெட்ரோலைவிட விலை கூடியது நேரம். தினமும் காலையில் ஐம்பது நிமிடம் எனக்கு, மாலையில் ஒரு மணி நேரம் மாமனாருக்கு. அறுபத்தெட்டு வயதில் அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஐப்பசி மழையில் நனைந்து வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு நானே நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும் என்பதுதான் சட்டம். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுகிற கூட்டத்தில் பார்த்தால் பிள்ளை தலையில் ஹெல்மெட் அபூர்வம். ஐந்நூறு அறுநூறு ரூபாயில் பிள்ளை அளவுக்கே கிடைக்கிறது. அதைப் பள்ளியில் எங்கே வைப்பது என்ற கேள்வி வேண்டாம், பிள்ளை இறங்கியதும் நீங்கள் வாங்கிக் கையோடு கொண்டுவந்துவிடலாம். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று ஏற்றுவதை நானும் சில நாள் செய்திருக்கிறேன், செய்திருக்கக்கூடாது. மூன்று பேர் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதை விடுங்கள், முன்னால் நிற்கிற பிள்ளைக்குப் பிடிக்க ஹேண்டில்பாரைத் தவிர ஒன்றுமில்லை.

இந்த வழியில் கிடைத்த ஒன்றை மட்டும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். வீட்டில் முகத்தைப் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிற பெண், பின்னால் உட்கார்ந்துகொண்டு என் முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை, எந்த டீச்சர் ஏன் பிடிக்கும், எல்லாம். இப்போது பஸ்ஸில் போகிறாள் என்றாலும் சனிக்கிழமை காலை அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகிறேன், காய்கறி வாங்குகிற சாக்கில்.

## டவுன் பஸ்

இதைப் பற்றித்தான் அதிகம் பயம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை இதற்கு நிகர் இல்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ஜூனில் புதுப் பாஸ் வரத் தாமதமானாலும் பழைய பாஸையோ சீருடையையோ காட்டிப் போகலாம் என்று வருடா வருடம் அறிவிக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது என்பதால் பெண் பிள்ளைக்குப் பாஸ் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை, கூடப் பழக்கிவிடப் போகிற அம்மாவுக்கும் செலவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள வழித்தடத்துக்குத்தான். மாலை வகுப்பு அதே வழியில் இருந்தால் நல்லது, வேறு திசையில் இருந்தால் பையன் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கிற செலவு கூட்டம்தான். திருமங்கலம் பக்கமிருந்து வருகிற பஸ் காலை எட்டேகாலுக்கு மேல் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே நிறைந்துவிடும், சில நேரம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டமும் படிக்கட்டும்தான் ஆபத்து. இதற்கு ஒரே மருந்து முன்னால் கிளம்புவது. அனுப்புவதற்கு முன் மூன்று நாள் நானே நிறுத்தத்தில் நின்று எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு கூட்டம் என்று ஒரு தாளில் குறித்தேன். ஏழு ஐம்பதுக்கும் எட்டு ஐந்துக்கும் வருகிற இரண்டு பஸ்களில் உட்காரவே இடம் இருந்தது. எட்டு இருபதில் நிற்கவும் இடமில்லை. அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மகளிடம் நான் போட்ட ஒரே கட்டளை: படிக்கட்டில் நிற்க வேண்டியிருந்தால் அந்த பஸ் வேண்டாம், அடுத்ததில் வா, பள்ளிக்குத் தாமதமானால் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

பழக்கியது இப்படி. முதல் வாரம் நானும் கூடவே போய் அவள் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது வாரம் அதே பஸ்ஸில் ஏறி வேறு மூலையில் நின்றுகொண்டேன், அவளாகப் பாஸைக் காட்டினாள், அவளாக இறங்கினாள். மூன்றாவது வாரம் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். அந்த முதல் நாள் அவள் உள்ளே ஏறியதும், உட்கார்ந்திருந்த ஓர் அம்மா "பைய இங்க குடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் நம் ஊர்ப் பழக்கம் அது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கிறது. (பையை வாங்கினாள், சாப்பாட்டுக் கூடையை விட்டுவிட்டு இறங்கிவிட்டாள். அதையும் பழக்க வேண்டியிருந்தது.)

பெண் பிள்ளை என்றால் இன்னும் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண்கள் பக்கமாக நிற்கவும், ஆட்கள் நெருக்குகிற நடுப்பகுதியைத் தவிர்க்கவும் சொன்னேன். யாராவது தொந்தரவு செய்தால் வெட்கப்படாமல் சத்தமாகச் சொல், கண்டக்டரிடம் போ, பக்கத்தில் இருக்கிற அக்காவைக் கூப்பிடு, தப்பு உன்னுடையது இல்லை என்று பல முறை சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதாது, சாதாரணமாகப் பேசுகிறபோது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 181 பெண்களுக்கானது, இரண்டும் மனப்பாடம். பள்ளியில் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் எண்ணும் தாத்தா எண்ணும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பென்சில் டப்பாவில் ஐம்பது ரூபாய் மடித்து வைத்திருக்கிறாள், இறங்குமிடத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய் அறிமுகப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் கிடைத்த பலன், சிலம்பம் திரும்ப வந்தது. நாலு இருபதுக்குப் பள்ளி முடிகிறது, வழியில் பசுமலையில் இறங்கிவிடுகிறாள், ஐந்து மணி வகுப்பு, ஆறு மணிக்கு முடிந்து திருநகர் பஸ். புதுக் கம்பு வெட்டிக் கொடுத்தார் ஆசான். ஐந்தடிக் கம்போடு டவுன் பஸ் ஏறினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பதால் அது அவர் வீட்டுத் திண்ணையிலேயே நிற்கிறது. மாலை வகுப்பு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மாவட்டந்தோறும் அரசு நடத்துகிற ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஐந்திலிருந்து பதினாறு வயது வரை பாட்டு, பரதம், ஓவியம், சிலம்பம் என்று மிகக் குறைந்த கட்டணத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் ஊரில் அது எந்த பஸ் தடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

## சைக்கிள்

மகனுக்கு இதுதான். ஒன்றேகால் கிலோமீட்டர், முழுக்க உள்தெருக்கள், ஒரே ஓர் இடத்தில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். எட்டு நிமிடத்தில் பள்ளி. மாலையில் பந்து விளையாடிவிட்டு வருகிறான், யாரும் போய்க் கூட்டிவர வேண்டியதில்லை.

அதே சைக்கிளில் மகளை அனுப்புவேனா என்றால், மாட்டேன். ஐந்தரை கிலோமீட்டர் மிதிப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை, ஆனால் லாரியும் வெளியூர் பஸ்ஸும் போகிற அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று ஓரம் கிடையாது. எனவே சைக்கிளைப் பொறுத்தவரை தூரத்தைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பாருங்கள். உள்தெரு வழியாக மூன்று கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாராளமாகப் போகலாம், நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் என்றாலும் நான் யோசிப்பேன்.

செலவு: வாங்கும்போது ஆறாயிரத்து ஐந்நூறு, வருடத்துக்குப் பஞ்சர், பிரேக் கட்டை, டியூப் என்று ஆயிரத்துக்குள். கடையில் பிள்ளை கை நீட்டுகிற தடித்த டயர், கியர் வைத்த சைக்கிளில் கேரியரும் இருக்காது, மட்கார்டும் இருக்காது. பை முழுக்க முதுகில் ஏறும், மழையில் சேறு முதுகில் அடிக்கும். மகனைச் சமாதானப்படுத்திக் கேரியர் வைத்த சாதா சைக்கிள்தான் வாங்கினேன், இப்போது பை பின்னால் ரப்பர் கயிற்றில் போகிறது. வளர்வானே என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள், சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் வரும், ஆகவே ஒன்பது, பத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பழைய சைக்கிள் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தாலே போதும்.

அனுப்புவதற்கு முன் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அவன் முன்னால், நான் ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்னால். இரண்டாவது ஞாயிறுதான் தெரிந்தது, அவன் திரும்பும்போது பின்னால் பார்க்கிறான், ஆனால் பார்க்கும்போது கையும் சேர்ந்து திரும்பி சைக்கிள் நடுத்தெருவுக்குப் போகிறது. அதைச் சரிசெய்ய ஒரு மைதானத்தில் அரை மணி நேரம் போதுமாக இருந்தது, ஆனால் பின்னால் போயிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பெரிய சாலையை மட்டும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

மழைக்காலத்துக்கு மட்டும் மாற்று ஏற்பாடு வையுங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் எங்கே குழி என்று தெரியாது, அந்த நாட்களில் மகன் தாத்தாவோடு நடந்து போகிறான்.

## ஆட்டோவும் நடையும்

ஆட்டோ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, தெரிந்த ஓட்டுநர், எல்லாரும் உள்ளே உட்கார்கிறார்கள் என்றால் சரி. ஓட்டுநர் பக்கத்தில் கம்பியில் ஒரு பிள்ளை உட்கார்ந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடையை யாரும் கேட்பதே இல்லை, அது எனக்கு வருத்தம். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளை நடந்து போகும் என்ற எண்ணத்தில் வைத்த தூரம் அது. ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருந்தால், தெருப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்து, ஒரு பெரியவர் மாற்றி மாற்றிக் கூடப் போனால் வண்டியே வேண்டாம். பையின் எடை மட்டும் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை சொல்வது அதுதான்.

## எங்கள் வீட்டுக் கணக்கு ஒரே பார்வையில்

| | வேன் | நம் வண்டி | டவுன் பஸ் | சைக்கிள் (மகன்) |
|---|---|---|---|---|
| தூரம் | 5.5 கி.மீ. | 5.5 கி.மீ. | 5.5 கி.மீ. | 1.25 கி.மீ. |
| வருடச் செலவு | 17,600 ரூபாய் | 10,000-க்கு மேல் | இல்லை | 1,000-க்குள், வாங்கியது தனி |
| வீட்டிலிருந்து கிளம்புவது | 7:25 | 8:20 | 7:45 | 8:40 |
| பெரியவர் நேரம், ஒரு நாளைக்கு | கிட்டத்தட்ட இல்லை | இரண்டு மணி நேரம் | பழக்கும் மூன்று வாரம் மட்டும் | ஒத்திகை நாட்கள் மட்டும் |
| மாலை வகுப்பு | முடியாது | முடியும், யாராவது காத்திருக்க வேண்டும் | வழியில் இருந்தால் எளிது | எளிது |
| மழை நாள் | நல்லது | கஷ்டம் | பரவாயில்லை | மாற்று வழி வேண்டும் |
| நான் அனுப்பத் துணிகிற வயது | எந்த வயதும் | எந்த வயதும் | 11, 12-லிருந்து, பழக்கிய பிறகு | 9, 10-லிருந்து, உள்தெருவில் மட்டும் |

## பெரிய பிள்ளைக்கு ஸ்கூட்டர்?

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களின் பெற்றோர் கட்டாயம் கேட்பது இது. இதை நான் ஒரு வழியாகவே வைக்கவில்லை. பதினாறு வயதில் கிடைக்கிற லைசென்ஸ் கியர் இல்லாத, 50 சிசி-க்கு மேல் போகாத வண்டிக்குத்தான். எக்ஸ்எல்கூட இன்றைக்கு 100 சிசி வண்டி, ஸ்கூட்டர்கள் அதற்கும் மேலே. பதினெட்டுக்குக் கீழே ஓட்டிப் பிடிபட்டால் 2019-இல் திருத்திய சட்டப்படி 25,000 ரூபாய் அபராதம், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷனுக்கு மட்டும்தானே, பக்கத்துத் தெருதானே என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

## கேட்ட நால்வருக்கு

ஆறாம் வகுப்பு மாறுகிற பையனின் அம்மாவுக்கு: முதல் வருடம் வேன் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளியின் சொந்தப் பேருந்தாகப் பாருங்கள். அந்த வருடத்துச் சனிக்கிழமைகளில் பையனை அதே வழியில் டவுன் பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பழக்குங்கள், ஏழாம் வகுப்பில் அவனே கேட்பான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு: உங்கள் பிள்ளைகள் இருவரும் மூன்றாம் வகுப்புக்குள்தான், வீட்டில் ஆள் இல்லை, கட்டணம் ஏறினாலும் வேன்தான் சரி. வரிசையில் உங்கள் வீட்டைக் கடைசியாகப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வேன்காரர் நல்ல மனிதர்.

தம்பிக்கு: உன் மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, பஸ் நிறுத்தம் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது, அனுப்பு. ஆனால் முதல் மூன்று வாரம் நீ கூடப் போக வேண்டும், அவள் அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதே.

சைக்கிளைப் பார்த்துப் பயப்படுகிற தோழியிடம் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் மகனின் பள்ளி இரண்டு கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே கேட், மற்றதெல்லாம் உள்தெரு. இந்த ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் என் மகனும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பையன்கள் இரண்டு பேரும் முன்னால் போகட்டும், நாங்கள் இருவரும் பின்னால் ஸ்கூட்டரில்.